ஊசி தாவும் இசைத்தட்டு: காரணம் அறிந்து சரிசெய்யும் முறை

‘கீறல் விழுந்த ரெக்கார்டு’ என்ற சொல்வழக்கு நம் பேச்சில் ஆழமாகப் பதிந்துவிட்டதால், ஓர் இசைத்தட்டு பாடியதையே திரும்பத் திரும்பப் பாடினால், தட்டில் கீறல் என்று உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு பல வேளைகளில் தவறானது. என்னிடம் இருந்த ஒரு எல்.பி. தட்டின் (நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் நீண்ட நேரத் தட்டின்) கடைசிப் பாடல் ஒரே வரியில் சிக்கிக்கொண்டபோது, அதை நான்கு முறை கழுவினேன். பொறுமை இழந்து தையல் ஊசியால் அந்த இடத்தைக் குத்தியும் பார்த்தேன். இரண்டு வாரம் கழித்து வேறு மூன்று தட்டுகளும் ஏறத்தாழ அதே தொலைவில் சிக்கிய பிறகுதான், கருவியில், ஊசியைச் சுமக்கும் கையைத் தூக்கி இறக்கும் சிறிய தாங்கி முழுமையாகக் கீழே இறங்காமல், தட்டின் நடுப்பகுதிக்கு வரும்போது கையை உரசுகிறது என்பது தெரிந்தது. தாங்கியின் திருகை அரைச் சுற்றுத் திருப்பியதும் மூன்று தட்டுகளும் சரியாகிவிட்டன. நான்காவது தட்டில் மட்டும் நான் குத்திய இடம் இன்றும் ‘டப்’ என்று ஒலிக்கிறது.

ஆகவே இந்த வழிகாட்டியில் படிகளின் வரிசை முக்கியமானது. திரும்பப் பெறக்கூடிய செயல்கள் முதலிலும், திரும்பப் பெற முடியாத செயல்கள் கடைசியிலும் வருகின்றன. வரிசையை மாற்றாமல் செய்தால், தட்டைத் தொட வேண்டிய கட்டம் பெரும்பாலும் வராது.

தடமும் ஊசியும்

20 நிமிடம் ஓடும் ஒரு பக்கத்தில், நிமிடத்திற்கு 33⅓ சுற்று என்ற கணக்கில், தட்டு ஏறத்தாழ 667 முறை சுழல்கிறது. அத்தனை சுற்றுகளும் உண்மையில் ஒரே தடம்தான். வெளி விளிம்பில் தொடங்கிச் சுருள் சுருளாக உள்நோக்கிச் செல்லும் அந்தத் தடத்தை நீட்டிப் பிடித்தால் நானூறு மீட்டருக்கும் மேல் போகும். அதன் மேல்வாய் அகலம் 0.05 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். இரு சுவர்களும் 90 பாகைக் கோணத்தில் சந்திக்கும் அந்தப் பள்ளத்தில் ஊசியைப் பிடித்து வைத்திருப்பது இரண்டு கிராம் அளவிலான எடை மட்டுமே. அந்த எடை குறைந்தாலோ, கை தாராளமாக நகர முடியாமல் இழுபட்டாலோ, சுவரில் ஒரு சிறு மேடு குறுக்கிட்டாலோ, ஊசி பக்கத்துச் சுற்றுக்குத் தாவிவிடும். தாவலுக்கு இவற்றைத் தவிர வேறு மர்மமான காரணங்கள் அதிகம் கிடையாது.

தாவும் விதத்தைக் கவனித்தல்

முதல் வேலை, கையைக் கட்டிக்கொண்டு கேட்பது. எல்.பி. தட்டு ஒரு முறை சுழல 1.8 விநாடி ஆகும். 45 சுழற்சித் தட்டுக்கு 1.33 விநாடி; பழைய 78 சுழற்சித் தட்டுக்கு முக்கால் விநாடிக்குச் சற்று அதிகம். ஒரே சொல் 1.8 விநாடிக்கு ஒரு முறை திரும்ப வந்தால், ஊசி ஒரு சுற்று பின்னோக்கித் தாவி அதே வட்டத்தில் மாட்டிக்கொண்டது என்று பொருள். பல்லவியின் நடுவே ஒரு சீர் விழுங்கப்பட்டு அடுத்த சீர் வந்தால், ஊசி உள்நோக்கித் தாவியிருக்கிறது. பாட்டு தொடர்ந்து ஓட, 1.8 விநாடிக்கு ஒரு ‘டிக்’ ஒலி மட்டும் கேட்டால், அது தாவலே அல்ல. ஆழமில்லாத குறுக்குக் கீறலின் ஒலி அது. அதைச் சரிசெய்ய முயல்வதால் நன்மையைவிடத் தீமையே அதிகம் என்பதால், அத்தகைய தட்டை நான் அப்படியே விட்டுவிடுவேன்.

அடுத்து, அதே கருவியில் நல்ல நிலையில் உள்ள வேறு இரண்டு தட்டுகளை முழுமையாக ஓடவிடுங்கள். எல்லாத் தட்டுகளும் ஆங்காங்கே தாவினால் குறை கருவியிலோ ஊசியிலோ இருக்கிறது. எல்லாத் தட்டுகளும் மையத்திலிருந்து ஒரே தொலைவில் தாவினால் கையின் நகர்வு ஓரிடத்தில் தடைபடுகிறது. ஒரே தட்டு, ஒரே இடத்தில், ஒவ்வொரு முறையும் தாவினால்தான் தட்டின் மீது சந்தேகம் கொள்ள இடமுண்டு. முடிந்தால் அந்தத் தட்டை நண்பர் ஒருவரின் கருவியிலும் ஓட்டிப் பாருங்கள்; அங்கே தாவாமல் ஓடினால், தட்டில் சிறு குறை இருந்தாலும் உங்கள் கருவியின் அமைப்பைச் சீராக்குவதே போதுமானதாக இருக்கும்.

ஊசியில் தொடங்குதல்

விளக்கு வெளிச்சத்தில் ஊசியின் நுனியைப் பாருங்கள். தூசியும் பஞ்சும் சேர்ந்த உருண்டை ஒன்று நுனியில் ஒட்டியிருந்தால், ஊசி தடத்திற்குள் இறங்காமல் அந்த உருண்டையின் மீது சறுக்கிக்கொண்டு போகும். மென்மையான சிறு தூரிகையால், பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக, அதாவது தட்டு ஓடும் திசையிலேயே, இரண்டு முறை துடைக்க வேண்டும். பக்கவாட்டிலோ முன்னிருந்து பின்னாகவோ துடைத்தால், ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டு வளைந்துவிடும். விரலால் தட்டிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. அதை விட்டுவிடுவது நல்லது.

வைர ஊசி 500 முதல் 1000 மணி நேரம் வரை உழைக்கும். பழைய பெட்டி வடிவ ரெக்கார்ட் பிளேயர்களில் இருந்த நீலக்கல் ஊசிகளோ சில பத்து மணி நேரங்களிலேயே தேய்ந்துவிடும். தாத்தா காலத்துக் கருவியைப் பரணிலிருந்து இறக்கி, அதே ஊசியுடன் ஓட்டித் தட்டைக் குறை சொல்வது நியாயமாகாது. பயன்படுத்தாமல் வைத்திருந்த ஊசியிலும் தண்டைப் பிடித்திருக்கும் ரப்பர் காலப்போக்கில் இறுகிப்போகும். இறுகிய ரப்பர் ஊசியை அசையவிடாது. தளர்ந்துபோன ரப்பர், கையின் முனையில் ஊசி பொருந்தியிருக்கும் கார்ட்ரிட்ஜ் என்ற சிறு பெட்டியின் அடிப்பகுதியே தட்டில் உரசும் அளவுக்கு அதைத் தாழ்த்திவிடும்.

நம் ஊர் வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு. 1960களிலும் இந்தியாவில் 78 சுழற்சித் தட்டுகள் வெளிவந்துகொண்டிருந்தன. பீட்டில்ஸ் குழுவின் பாடல்கள்கூட இங்கே அந்த வடிவில் அச்சாயின. அதனால் இருவகைத் தட்டுகளையும் ஓட்ட வேண்டியிருந்த பழைய கருவிகளில், சிறு நெம்பைத் திருப்பினால் ஒரு பக்கம் எல்.பி. ஊசியும் மறுபக்கம் 78 ஊசியும் வருமாறு கார்ட்ரிட்ஜ் அமைந்திருக்கும். 78 ஊசியின் நுனி மற்றதைவிட மூன்று நான்கு மடங்கு தடித்தது. நெம்பு அந்தப் பக்கம் திரும்பியிருந்தால், ஊசி எல்.பி.யின் தடத்திற்குள் இறங்கவே முடியாமல் விளிம்புகளின் மீது வழுக்கும். பார்த்துவிட்டுத் திருப்பினால் போதும், வேலை முடிந்தது.

கையும் எடையும்

கருவி சமதளத்தில் இருக்கிறதா என்பதை, சுழலும் தட்டின் மீது ரசமட்டத்தை வைத்து இரு திசைகளிலும் பாருங்கள். கருவி சாய்ந்திருந்தால் கை தாழ்ந்த பக்கமாகச் சரியும்.

பிறகு ஊசி அழுத்தம். கைக்குப் பின்புறம் உள்ள எதிரெடையைத் திருகி, கை மேலும் கீழும் போகாமல் காற்றில் மிதக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். அந்த நிலையில் எதிரெடையின் எண் வளையத்தை மட்டும் சுழற்றிப் பூஜ்யத்தில் நிறுத்தி, அதன் பின் எதிரெடை முழுவதையும் திருப்பி, கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொன்ன எடைக்கு அமையுங்கள். ஆர்டோஃபோன் 2எம் ரெட் என்றால் 1.8 கிராம்; ஆடியோ டெக்னிக்கா விஎம்95ஈ என்றால் 2 கிராம்; பழைய செராமிக் கார்ட்ரிட்ஜ்களுக்கு 4 முதல் 6 கிராம் வரை தேவைப்படும். எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று எண்ணி ஒரு கிராமில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது: போதிய எடையில்லாத ஊசி சுவர்களைத் தொடர முடியாமல் துள்ளித் துள்ளி விழுந்து, அமைதியாக அமர்ந்து ஓடும் ஊசியைவிட அதிகமாகத் தடத்தைச் சிதைக்கும்.

எண் வளையத்தை நம்பாமல், ஊசி அழுத்தத்தை அளப்பதற்கென்றே விற்கும் சிறிய மின்னணுத் தராசை வாங்கிவிடுவது உத்தமம். தராசின் தட்டு இரும்பாக இருந்தால் கார்ட்ரிட்ஜில் உள்ள காந்தம் அதை இழுத்துப் பொய்யான எடையைக் காட்டும் என்பதையும், ஊசி ஏறக்குறைய இசைத்தட்டின் உயரத்திலேயே அளக்கப்பட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கையின் மீது நாணயம் வைக்கும் பழைய வைத்தியத்தைப் பற்றி ஒரு சொல். ஒரு ரூபாய் நாணயம் நான்கு கிராம் அளவில் எடையுள்ளது. 2 கிராமில் ஓட வேண்டிய ஊசியின் மேல் அதை வைத்தால் அழுத்தம் மும்மடங்காகிறது. தாவல் நிற்பது உண்மைதான். காய்ச்சல்காரரைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டு நடுக்கம் நின்றது என்பதைப் போன்றது அது. நாணயம் வைத்தால்தான் ஓடும் என்ற நிலையில் உள்ள, எந்த அமைப்பையும் மாற்ற இடம் தராத மலிவான பெட்டிக் கருவிகளில் நல்ல தட்டுகளை ஓட்டாமல் இருப்பதே மேல்.

ஆன்டி ஸ்கேட்டிங் என்னும் அமைப்பையும் பார்க்க வேண்டும். கை சற்று வளைவாக அமைந்திருப்பதால், தடத்தின் உராய்வு ஊசியை எப்போதும் மையத்தை நோக்கி இழுக்கிறது. அந்த இழுப்பை ஈடுசெய்ய, கையை வெளிப்புறமாக மெல்ல இழுக்கும் ஒரு சுருள்வில்லோ தொங்கும் சிறு எடையோ வைத்திருப்பார்கள். ஊசி அழுத்தம் எவ்வளவோ அதே எண்ணில் இதையும் வைப்பது பொதுவான தொடக்கம். பல தட்டுகளில் ஊசி உள்நோக்கித் தாவினால் இது குறைவாக இருக்கலாம். வெளிநோக்கித் தாவி ஒரே சுற்றில் மாட்டிக்கொண்டால் அதிகமாக இருக்கலாம்.

கடைசியாக, கையின் தாராள நகர்வு. எதிரெடையால் கையை மிதக்கவிட்டு, ஆன்டி ஸ்கேட்டிங்கைப் பூஜ்யத்தில் வைத்து, வாயால் மெல்ல ஊதினால் கை விளிம்பிலிருந்து மையம் வரை தடையின்றி மிதந்து செல்ல வேண்டும். எங்கேனும் தயங்கினாலோ திரும்பி வந்தாலோ மூன்று இடங்களைப் பாருங்கள்: கையின் அச்சுத் தாங்கி, கையின் அடியிலிருந்து வெளிவரும் மெல்லிய கம்பிகள், நான் ஏமாந்த அந்தத் தூக்குத் தாங்கி. தானாகத் திரும்பும் வகைக் கருவிகளில் பாட்டின் இறுதியில் மட்டும் தாவல் வந்தால், கையைத் திருப்பும் பொறிமுறையில் உள்ள பழைய கிரீஸ் கெட்டியாகியிருக்கும். அதைச் சுத்தம் செய்து புதிய கிரீஸ் இடலாம். ஆனால் பாட்டு முடிந்ததை உணர்ந்து பொறியை விடுவிக்கும் அந்த இலேசான விசைத்தகட்டுக்கு மட்டும் எண்ணெய் விடவே கூடாது. அது காய்ந்து சுத்தமாக இருந்தால்தான் வேலை செய்யும்.

கழுவுதல்

இவ்வளவும் சரியாக இருந்து, ஒரு தட்டு மட்டும் ஓரிடத்தில் தாவுகிறதென்றால், அடுத்த சந்தேகம் அழுக்கின் மேல்தான். சென்னை போன்ற கடலோர ஊரில் அட்டை உறைக்குள் பல ஆண்டுகள் கிடந்த தட்டுகளில் வெண்புள்ளிகளாகப் பூஞ்சை படிந்திருப்பதை அடிக்கடி காணலாம். தடத்திற்குள் காய்ந்து இறுகிய பூஞ்சையும் காபித் துளியும் ஊசிக்குப் பாறைகளாகத் தெரியும்.

குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு காய்ந்த பின் தடத்திலேயே தங்கிவிடும் என்பதால், காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்துங்கள். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் என்று பெட்ரோல் பங்கிலும் வாகன உதிரிக் கடையிலும் விற்பது இதுதான். அமிலம் கலந்த பேட்டரித் திரவத்தைத் தவறிக்கூட வாங்கிவிடாதீர்கள். ஒரு லிட்டர் நீரில் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு இரண்டு மூன்று துளிகள் போதும். நடுவில் உள்ள காகித லேபிள் நனையாமல், மென்மையான தூரிகையால் தடத்தின் போக்கிலேயே வட்டமாகத் தேய்த்து, சோப்பில்லாத வடிநீரால் இரண்டு முறை அலசி, நூல் உதிராத மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுத்து, நிழலில் நிற்க வைத்துக் காயவிடுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே காயவைத்தால் கழுவிய தூசி எல்லாம் அரை மணியில் திரும்ப வந்து அமர்ந்துகொள்ளும். பூஞ்சை கண்ட பழைய உள்ளுறையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதில் போட வேண்டும்.

எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், வினைல் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன தட்டுக்கு மட்டும், நீரில் பத்தில் ஒரு பங்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலக்கலாம். 78 சுழற்சித் தட்டுகளுக்கு ஆல்கஹால் எமன். அவை பெரும்பாலும் அரக்கால் ஆனவை. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துப் பாட்டையே துடைத்துவிடும். கனமாகவும், வளையாமல் விறைப்பாகவும், விழுந்தால் பீங்கான் போல் உடையக்கூடியதாகவும் இருந்தால் அது அரக்குத் தட்டு என்று கொள்ளலாம்.

உருப்பெருக்கியின் கீழ்

கழுவிய பின்னும் அதே இடத்தில் தாவினால், இப்போதுதான் தட்டில் கைவைக்கும் கட்டம். முதலில் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஊசி மாட்டிக்கொண்டதும் கையைத் தூக்காமல் மோட்டாரை நிறுத்திவிட்டு, தட்டைக் கையால் மெல்ல முன்னோக்கிச் சுழற்றுங்கள். கை சட்டென்று துள்ளும் கணத்தில் நிறுத்தி, அதற்கு நேராக லேபிளின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை அம்புக்குறியாக வையுங்கள். ஊசியைத் தூக்கிவிட்டு, நகைக்கடைக்காரர்கள் பயன்படுத்தும் பத்து மடங்கு உருப்பெருக்கியால், டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, அந்த இடத்தைப் பாருங்கள்.

மங்கலான ஒட்டுப்பொருள் தெரிந்தால் அது இன்னும் போகாத அழுக்கு. வடிநீரில் ஒரு துளியை அதன்மேல் வைத்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, மூங்கில் பல்குச்சியின் முனையால் தடத்தின் திசையிலேயே மெல்லத் தள்ளினால் பெயர்ந்து வரும். பளபளப்பான சிறு மேடு தெரிந்தால் அது அச்சிடும்போதே ஏற்பட்ட குறை. அதைச் செதுக்கப் போனால் பக்கத்துச் சுற்றுகளையும் சேர்த்துச் செதுக்கிவிடுவோம். தடங்களின் குறுக்கே சாய்வான கோடு தெரிந்தால், அதுதான் உண்மையான கீறல்.

கீறலில் தாவலை உண்டாக்குவது பெரும்பாலும் வெட்டுப்பட்ட பள்ளம் அல்ல; உழவுசாலின் இருபுறமும் மண் ஒதுங்கி நிற்பதைப் போல, வெட்டின் ஓரங்களில் மேலெழுந்து நிற்கும் வினைல் பிசிறே ஊசியைத் திசைதிருப்புகிறது. அந்தப் பிசிறை மடக்கி வழியைத் திறந்துவிடுவதுதான் நாம் செய்யக்கூடிய முழு வேலை. பல்குச்சியின் முனையைக் கத்தியால் கூராக்கி, தட்டுக்குச் சாய்வாகப் பிடித்து, கீறலுக்கு ஒரு சென்டிமீட்டர் முன்பிருந்து ஒரு சென்டிமீட்டர் பின்பு வரை, தடத்தின் வளைவை ஒட்டி, ஐந்தாறு முறை இலேசாக இழுங்கள். உருப்பெருக்கியை எடுக்காமல் செய்ய வேண்டும். முனை மழுங்கியதும் புதிய குச்சி. தூரிகையால் துடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்; தாவினால் இன்னும் ஐந்து முறை. ஒரே மூச்சில் ஐம்பது முறை இழுக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

இதற்கும் மசியாவிட்டால் ஊசியையே கருவியாகக் கொள்ளலாம். இதற்கென்று கூம்பு முனை கொண்ட, போனாலும் வருந்தத் தேவையில்லாத ஒரு பழைய ஊசியை மாட்டி, அழுத்தத்தை அதன் மேல் வரம்புக்கு உயர்த்தி, தட்டைக் கையால் மெல்லச் சுழற்றியபடி, ஊசி எந்தப் பக்கம் தாவுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாகக் கையின் முனையில் விரலால் இறகளவு தாங்கல் கொடுங்கள். சில முறை கடந்த பின் ஊசி தனக்கான வழியைத் தானே தேய்த்துக்கொள்வதைப் பார்க்கலாம். உலோக ஊசி, பற்பசை, காருக்குப் போடும் பாலிஷ், உப்புத்தாள் என்று சொல்லப்படும் மற்ற வைத்தியங்களில் நான் முதலாவதைச் செய்து ஒரு தட்டைக் கெடுத்திருக்கிறேன். மற்றவற்றைச் செய்து பார்க்கத் துணியவில்லை. தடத்தின் அலைவுகள்தான் பாட்டு என்னும்போது, மெருகேற்றுவது என்பது பாட்டைத் தேய்ப்பதே.

வளைந்த தட்டுகள்

தட்டைச் சுழலவிட்டு, விளிம்பைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பாருங்கள். சோற்றுத்தட்டு போல மெல்ல ஏறி இறங்கினால் நன்கு அமைத்த கருவி அதைச் சமாளித்துவிடும். ஓரிடத்தில் மட்டும் சுருக்கமாக மடிந்து எழுந்தால் ஊசி அங்கே பறந்து விழும். 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே வினைல் இளகத் தொடங்குவதால், கோடையில் மூடிய காரின் இருக்கையில் விட்ட தட்டுக்கு இந்தக் கதி நேர்வது இயல்பு. கழுவித் துடைத்த தட்டை, சுத்தமான இரண்டு தடித்த கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவே கிடத்தி, மேலே பத்துக் கிலோ அளவில் புத்தகங்களை அடுக்கி, சில வாரங்கள் விட்டுவைத்தால் ஓரளவு படியும். முழுமையாகப் படிவது அரிது. விரைவாக முடிக்கலாமென்று வெயிலிலும் அடுப்பிலும் சூடாக்கினால், வளைவு நீங்கும்போது தடமும் சேர்ந்து இளகிவிடும் ஆபத்து இருப்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எதற்கும் மசியாத இடம்

தடத்தின் சுவரே பெயர்ந்துபோன ஆழமான வெட்டைச் சரிசெய்ய வழியில்லை. பாட்டையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் கணினியில் பதிவுசெய்து, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் ஒட்டுப்போடலாம். தாவும் இடம் வரை ஒரு பதிவு, அதைக் கடந்த இடத்திலிருந்து இன்னொரு பதிவு என்று எடுத்தால், நடுவில் ஒன்றிரண்டு விநாடி மட்டும் குறையும்.

அந்த ஒன்றிரண்டு விநாடியையும் பெற ஒரு வழி இருக்கிறது. பழைய நான்கு வேகக் கருவிகளில் 33⅓, 45, 78 ஆகியவற்றுடன் யாரும் பயன்படுத்தாத 16⅔ என்றொரு வேகமும் இருக்கும். அது 33⅓இல் சரிபாதி. வேகம் பாதியானால் பிசிறில் மோதும் ஊசியின் துள்ளலும் குறைவதால், வழக்கமான வேகத்தில் தாவும் பல இடங்களை ஊசி அமைதியாகக் கடந்துவிடும். அந்தச் சில விநாடிகளை மட்டும் 16⅔ வேகத்தில் பதிவுசெய்து, மென்பொருளில் வேகத்தை இரட்டிப்பாக்கி, இடைவெளியில் பொருத்துங்கள். ஒலியின் நிறம் அந்த இடத்தில் சற்று மாறித் தெரியும். மென்பொருளின் சமன்படுத்தும் கருவியால் அடித்தொனியையும் மேல்தொனியையும் கொஞ்சம் சரிக்கட்டினால், ஒட்டு எங்கே இருக்கிறது என்று போட்டவருக்கே தேட வேண்டியிருக்கும்.